யாருடைய வாழ்க்கை கற்றுக்கொடுக்கும்?

“பிள்ளைகள் படிக்கட்டும். பணக் கணக்கெல்லாம் வாழ்க்கை தானாகக் கற்றுக்கொடுக்கும்.” உயர்நிலைப் பள்ளியிலேயே பொருளாதாரச் சிந்தனையைக் கற்பிக்க வேண்டும் என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பதில் இது. ஆசிரியர் ஓய்வறையிலும் பெற்றோர் கூட்டத்திலும் கல்வி அதிகாரிகளின் மேடைப் பேச்சிலும் இதையே கேட்கலாம். சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். எனவே அவர்கள் தரப்பை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடுகிறேன்.

பொருளாதாரம் பதினோராம் வகுப்பில் காமர்ஸ், ஆர்ட்ஸ் குரூப் எடுப்பவர்களுக்கான பாடம். பத்தாம் வகுப்புவரை சமூக அறிவியலுக்குள்ளும் அது ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் திணித்தால் புத்தகப் பைதான் கனக்கும். பணத்தைக் கையாள வீடும் கடைத்தெருவும் பழக்கிவிடும். பள்ளி செய்ய வேண்டியது சேமிக்கும் பழக்கத்தை உண்டாக்குவது மட்டுமே. எதற்கெடுத்தாலும் லாப நட்டம் பார்க்கப் பழக்கினால் பிள்ளைகளின் மனம் சுருங்கிப்போகும். கற்பித்தாலும் பெரிய பலன் இல்லை என்று ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். கற்பிக்க ஆளும் இல்லை.

இந்த ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை இருப்பதால்தான் வாதம் இத்தனை காலம் செல்லுபடியாகிறது. அந்தத் துளியை வைத்து எவ்வளவு பெரிய அலட்சியத்தை மூடி மறைக்கிறார்கள் என்பதுதான் என் சண்டை.

பொருளாதாரச் சிந்தனை என்று நான் சொல்வது ஷேர் மார்க்கெட் வகுப்பையோ வரைபடத்தில் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் போடுவதையோ அல்ல. ஐந்து கேள்விகளைப் பழக்கமாக்குவது. இதை எடுத்தால் எதை விட வேண்டியிருக்கும்? போனது போகட்டும், இனி வரப்போவது என்ன? இதை என் தலையில் கட்டுகிறவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? நூறு பேர் முயன்றால் எத்தனை பேருக்குக் கைகூடுகிறது? எல்லோரும் இதையே செய்தால் என்ன ஆகும்?

1. பாடத்தில் இருக்கிறதே என்கிறார்கள். எங்கே?

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தின் பொருளியல் பகுதியைப் புரட்டினால் மொத்த உள்நாட்டு உற்பத்தி, உலகமயமாதல், உணவுப் பாதுகாப்பு, அரசாங்கமும் வரிகளும், தமிழ்நாட்டின் தொழில் தொகுப்புகள் என்று போகிறது. எல்லாம் தெரிந்திருக்க வேண்டியவைதான். ஆனால் இவை நாட்டைப் பற்றிய செய்திகள். பதினைந்து வயதுப் பிள்ளை மொத்த உள்நாட்டு உற்பத்தி குறித்து எந்த முடிவும் எடுக்கப் போவதில்லை. ரிசல்ட் வந்த மறுவாரம் எந்த குரூப் எடுப்பது என்ற முடிவை எடுக்கத்தான் போகிறது.

சரி, பதினோராம் வகுப்புக்குப் போவோம். ஆடம் ஸ்மித்தின் செல்வ இலக்கணம், மார்ஷலின் நல இலக்கணம், ராபின்ஸின் பற்றாக்குறை இலக்கணம், சாமுவேல்சனின் வளர்ச்சி இலக்கணம். நான்கையும் வரிசையாக நெட்டுருப் போட வேண்டும். லயனல் ராபின்ஸ் 1932-இல் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: மனிதருக்கு வேண்டியவை பல, கையில் இருப்பதோ கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தையும் வேறு வேறு வழிகளில் செலவிட முடியும், ஆகவே தேர்ந்தெடுத்தே தீர வேண்டும். இதை அடிபிறழாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கும் மாணவி, ப்ளஸ் டூ முடித்துத் தன் கையில் இருக்கும் ஒரு முழு வருடத்தை யாரோ சொன்னார்கள் என்று ஒரு கோச்சிங் சென்டரில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அந்த வருடத்தை வேறு எதற்குச் செலவிடலாம் என்று கேட்டுப் பார்ப்பதில்லை. ராபின்ஸ் பேசியது தன்னுடைய வருடத்தைப் பற்றியும்தான் என்று அவளுக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை.

வேதியியலுக்குச் செய்முறைத் தேர்வு வைக்கிறோம். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிற இடத்தைக் கண்ணால் பார்த்தால்தான் தேர்ச்சி. தேர்ந்தெடுப்பதைப் பற்றிய ஒரு பாடத்தில், ஒரே ஒரு தேர்வைக்கூட மாணவர் செய்து பார்க்காமல் நூற்றுக்கு நூறு வாங்கிவிட முடிகிறது. ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்பதன் லட்சணம் இது.

2. வாழ்க்கை கற்றுக்கொடுக்குமாம். யாருடைய வாழ்க்கை?

நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய காலத்தில் வீட்டுப் பையன்களைச் சிறு வயதிலேயே கடைக்கு அனுப்பினார்கள். பெட்டியடிப் பையனாகத் தொடங்குவான். கணக்கெழுதுவான், எடுபிடி வேலை செய்வான், யாருக்குக் கடன் கொடுக்கலாம் யாருக்குக் கூடாது என்று பெரியவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பான். பிறகு அடுத்தாள். தேறினால் ஒரு கடையின் முழுப் பொறுப்பு. இதை ‘வாழ்க்கை தானாகக் கற்றுக்கொடுத்தது’ என்று சொல்வது அந்தச் சமூகத்தின் உழைப்புக்குச் செய்யும் அவமரியாதை. அது பாடத்திட்டம், பயிற்சி, தேர்வு எல்லாம் உள்ள ஒரு கல்வி. பள்ளிக்கூடம் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவே.

இன்றும் சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைக்கும், திருப்பூரில் பின்னலாடை யூனிட் நடத்துபவர் வீட்டுப் பிள்ளைக்கும் இந்தக் கல்வி சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. “அந்த பார்ட்டி ஏன் இவ்வளவு கம்மி ரேட்டுக்குக் கேட்கிறான்?” என்று அப்பா முணுமுணுப்பதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, எதிராளியின் லாபம் எங்கே இருக்கிறது என்று யோசிப்பது இயல்பாகிவிடும். அப்பா கட்டட வேலைக்கும் அம்மா வீட்டு வேலைக்கும் போகிற வீட்டில், கூலி வாங்கி வந்து எண்ணுவதற்குள் பாதி கடனுக்குப் போய்விடும் வீட்டில், அந்தப் பேச்சுக்கு இடமேது? ஆக, வாழ்க்கையின் கையில் விட்டுவிடுவோம் என்பதன் நேர்ப்பொருள், பிறப்பின் கையில் விட்டுவிடுவோம் என்பது. பிறப்பு தராததைத் தருவதற்கென்றே வரிப்பணத்தில் கட்டப்பட்ட அரசுப் பள்ளி, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கை கட்டி நிற்க வேண்டுமாம்.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. வாழ்க்கை ஆசிரியர்தான், ஆனால் திரும்பத் திரும்பச் செய்வதை மட்டுமே கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஆசிரியர். வாரம் இரண்டு முறை கத்தரிக்காய் வாங்குகிறோம். சொத்தை வாங்கி வந்தால் அன்று மாலையே தெரிந்துவிடும், அடுத்த முறை திருப்பிப் பார்த்து எடுப்போம். குரூப் தேர்வு ஒரு முறை. கல்லூரி ஒரு முறை. கல்விக்கடன் பெரும்பாலும் ஒரு முறை. இவற்றில் செய்த பிழை நாலைந்து வருடம் கழித்துத்தான் தெரியவரும். தெரிந்த பாடத்தைப் பயன்படுத்த அடுத்த வாய்ப்பு இருக்காது.

அனுபவசாலிகளும் புதிய வகை முடிவில் சறுக்குவதற்கு உதாரணமாக 2012-இல் கொங்குப் பகுதியில் சரிந்த ஈமு பண்ணைத் திட்டங்களைப் பார்க்கலாம். பெருந்துறைப் பக்கம் தொடங்கிப் பல மாவட்டங்களுக்குப் பரவியவை. ஒன்றரை லட்சம் கட்டினால் குஞ்சும் தீவனமும் கொடுத்து, வளர்ப்பதற்கு மாதம் ஆறாயிரமும் தருவோம் என்பது போன்ற வாக்குறுதிகள். வருடத்துக்கு 72,000. போட்ட பணத்தில் 48 சதவீதம். அப்போது வங்கி வைப்புக்குக் கிடைத்தது 9 சதவீதம் அளவில். பணம் கட்டியவர்களில் ஆட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லக்கூடிய விவசாயிகள் இருந்தார்கள், மாதச் சம்பளக்காரர்களும் இருந்தார்கள். கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் பறவையைக் கடைசியில் காசு கொடுத்து வாங்குகிறவர் யார்? எந்த ஊர்ச் சந்தையிலாவது ஒரு கிலோ ஈமு கறி கொடுங்கள் என்று யாராவது வந்து நின்றதுண்டா? வாங்க ஆளில்லை என்றால் மாதா மாதம் வரும் ஆறாயிரம் அடுத்து வந்து பணம் கட்டுகிறவர் பையிலிருந்துதான் வர முடியும். இந்தக் கேள்வியைக் கேட்க எம்.ஏ. வேண்டாம், ஒன்பதாம் வகுப்பு போதும். நாற்பது வருட அனுபவம் அதைக் கேட்க வைக்கவில்லை.

3. சேமிப்பைச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்பது பாதிப் பாடம்.

பள்ளியில் சஞ்சாயிகா அட்டையில் காசு கட்டிய தலைமுறைக்கு இந்த யோசனை இனிக்கும். சேமிப்பு நல்ல பழக்கம், மறுக்கவில்லை. ஆனால் நூற்றுக்கு இரண்டு வட்டியில், அதாவது வருடத்துக்கு 24 சதவீதத்தில், வெளியே கடன் வைத்துக்கொண்டு, தபால் நிலையத்தில் 6, 7 சதவீதத்துக்கு ஆர்.டி. கட்டும் குடும்பங்கள் எத்தனை! ‘சேமி’ என்ற நீதியை அவர்கள் அப்படியே கடைப்பிடிக்கிறார்கள். கடைப்பிடித்தே நட்டப்படுகிறார்கள். முதலில் கடனை அடை என்பது எந்த உண்டியலிலும் எழுதப்படாத பாடம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக ஒரு கணக்கைப் போட வேண்டும். தண்டல் வட்டி சென்னையில் எந்தத் தெருவிலும் தெரிந்த சமாச்சாரம். பத்தாயிரம் கேட்டால் ஆயிரத்து ஐநூறைப் பிடித்துக்கொண்டு 8,500-ஐக் கையில் தருவார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். சாயங்காலம் பைக்கில் வந்து, சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு போவார் தண்டல்காரர். பிடித்தம் பத்தாயிரத்துக்கு 1,500 என்பதால் வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் இதைப் பதினைந்து சதவீதம் என்றே பேசுவார்கள்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வகுப்பில் இதைப் போடச் சொல்லுங்கள். பத்தாயிரம் கடன் வாங்கியவர் கைக்கு வரவே இல்லை, வந்தது 8,500. அதுவும் நூறு நாள் அவரிடம் இருக்கவில்லை. மறுநாளே நூறு ரூபாய் திரும்பிப் போகிறது. ஐம்பதாம் நாள் கட்ட வேண்டியதில் பாதி போய்விட்டது. நூறு நாளுக்கும் சராசரி பார்த்தால் அவர் கையில் நின்ற கடன் நாலரை ஆயிரம் அளவுதான். அதற்கு நூறு நாள் வட்டி 1,500. வருடத்துக்கு மாற்றினால் 120 சதவீதத்தைத் தொடுகிறது. தெருவில் பதினைந்து என்று பேசப்படுவது நோட்டுப் புத்தகத்தில் நூற்றிருபதாக மாறுவதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்கட்டும். தனிவட்டி, கூட்டுவட்டிச் சூத்திரங்களை அவர்கள் பிறகு மறக்கவே மாட்டார்கள்.

ஆனால் பாடம் அங்கே முடிந்தால் அது ஏழைகளுக்கு உபதேசமாகிவிடும். ஆகவே அடுத்த கேள்வி: இவ்வளவு வட்டி என்று தெரிந்தும் ஒரு பூக்காரம்மா ஏன் தண்டல் வாங்குகிறார்? விடிவதற்கு முன் கோயம்பேட்டில் பூ எடுக்கக் கையில் முதல் வேண்டும். வங்கியில் கடன் கேட்டு அலைந்தால் இரண்டு நாள் வியாபாரம் போகும். அலைந்தாலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கடன் வாங்காவிட்டால் அன்றைய வருமானமே இல்லை. தினம் முந்நூறு, நானூறு நிற்கும் வியாபாரத்தில் நூறு ரூபாயைத் தண்டலுக்குக் கொடுப்பது, அந்த நாளை மட்டும் பார்த்தால், புத்திசாலித்தனமான முடிவுதான். வருடத்தைப் பார்த்தால்? மூன்று தண்டல் முடிந்து நான்காவதும் எடுத்தால் பிடித்தம் மட்டும் ஆறாயிரம். அவருக்கு வேண்டிய முதலோ 8,500. அப்படியானால் எத்தனை மாதத்தில், தினம் எவ்வளவு ஒதுக்கினால், அவர் சொந்த முதலில் பூ எடுக்க முடியும்? நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்தத் திட்டம் என்ன ஆகும்? மகளிர் குழுவில் கடன் வாங்கினால் என்ன மாறும்? இப்போது வகுப்பில் சத்தம் கிளம்பும். சிலருக்கு இது சொந்த வீட்டுக் கதையாக இருக்கும். இந்த வாக்குவாதத்தில் இருக்கும் படிப்பு, ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்று கரும்பலகையில் எழுதிப் போடுவதில் இல்லை.

சேமிப்புக்கு அடுத்த கட்டமாக ‘முதலீட்டு விழிப்புணர்வு’ என்று கிளம்பியிருக்கும் கூட்டத்தையும் சேர்த்தே மறுக்கிறேன். பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களை, சந்தையைக் கண்காணிக்கும் செபி ஆராய்ந்து 2024-இல் அறிக்கை தந்தது. மூன்று நிதியாண்டுகளில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டிருந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் ஈடுபடுபவர்களில் முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பங்கு ஒரே வருடத்தில் 31 சதவீதத்திலிருந்து 43 ஆக ஏறியிருந்தது. இந்த இளைஞர்களில் பலருக்குக் கேண்டில் சார்ட் பார்க்கத் தெரியும், ஆப்ஷன் பிரீமியம் தெரியும், டீமேட் கணக்கு திறக்கத் தெரியும். நூறு பேரில் எத்தனை பேருக்குக் கைகூடுகிறது என்ற கேள்வி மட்டும் பழக்கத்தில் இல்லை. பண விவரம் வேறு, முடிவெடுக்கும் பயிற்சி வேறு என்பதற்கு இதைவிட விலை உயர்ந்த ஆதாரம் வேண்டாம்.

4. சயின்ஸ் குரூப் பிள்ளைக்கு இது எதற்கு?

அந்தப் பிள்ளைக்குத்தான் அதிகம் தேவை. 2024-இல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கு மேல். தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்டவர்கள் 13 லட்சம். நாடு முழுவதும் இருந்த எம்பிபிஎஸ் இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். அதிலும் ஏறக்குறைய பாதி தனியார் கட்டணத்தில். ‘நீட் பாஸ்’ என்று தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைக்கும் குடும்பத்துக்குத் தகுதிக்கும் இடத்துக்கும் நடுவே இருக்கும் பள்ளம் தெரிவதில்லை. முதல் முயற்சியில் கிடைக்காத பிள்ளையை ரிப்பீட்டராக அனுப்பும்போது வீட்டில் போடும் கணக்கு கோச்சிங் ஃபீஸும் ஹாஸ்டல் ஃபீஸும்தான். ஒரு வருடம் தள்ளிப்போவதால் கடைசியில் ஒரு வருடச் சம்பாத்தியம் குறைவதும் செலவுதான் என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

மறு வருடமும் கிடைக்கவில்லை என்றால்? “ரெண்டு வருஷம் போட்டாச்சு, இப்ப விட்டா எல்லாம் வீண்.” இதே தர்க்கத்தை ஆன்லைன் ரம்மி ஆடுகிறவன் “விட்டதைப் பிடிக்கணும்” என்று சொல்லும்போது நாம் தலையில் அடித்துக்கொள்கிறோம், அதைத் தடுக்க 2022-இல் சட்டமன்றத்தில் சட்டமே இயற்றினோம். படிப்பு என்ற மரியாதையான போர்வையில் வரும்போது அடையாளம் தெரியவில்லை. மூன்றாவது முயற்சி சரியா தவறா என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அது சரியாகவே இருக்கும். போன இரண்டு வருடம் அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

கல்விக்கடன் இன்னும் எளிய உதாரணம். வருடத்துக்கு ஒரு லட்சமாக நான்கு வருடம், பத்து சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஒரு வருடம்வரை தவணை கட்ட வேண்டாம் என்பதைக் கேட்டு, அதுவரை வட்டியும் ஓடாது என்று நம்புகிறார்கள். ஓடும். தவணை தொடங்கும் நாளில் கடன் நாலு லட்சம் அல்ல, ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் போடத் தெரிந்த பையனுக்கு இந்தக் கூட்டலை யாரும் காட்டவில்லை.

எல்லோரும் இதையே செய்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது; அரசு பண்ணை பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் அறுபது ரூபாய்க்கு விற்றது. அந்த விலையைப் பார்த்துப் பயிரிட்டவர்கள் காயைப் பறித்துக்கொண்டு வந்தபோது விலை கீழே விழுந்திருந்தது. பொறியியல் கலந்தாய்வில் இன்றைய சம்பளச் செய்தியைப் பார்த்து எல்லோரும் ஒரே பிரிவைக் கேட்டு நிற்கும்போதும் அறுவடை நான்கு வருடம் தள்ளித்தான் இருக்கிறது.

5. பிள்ளைகள் சுயநலமிகளாகிவிடுவார்களா?

எதிர்த்தரப்பின் வாதங்களில் நான் மதிக்கிற வாதம் இது. அதற்கு ஆதாரமும் உண்டு. ராபர்ட் ஃபிராங்க்கும் இரண்டு சக ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளியல் மாணவர்கள் கூட்டாக ஒத்துழைக்க வேண்டிய விளையாட்டுகளில் மற்றவர்களைவிட அதிகமாகக் கைவிரித்தார்கள். ஆனால் மூன்று வருடம் கழித்து வாஷிங்டனில் வேறு சிலர் ஒரு குறும்புச் சோதனை செய்தார்கள். பத்து டாலர் வைத்த, முகவரி எழுதிய உறைகளை வகுப்பறைகளில் தொலைந்துபோனவை போல விட்டு வைத்தார்கள். பொருளியல் வகுப்புகளிலிருந்து 56 சதவீதம் திரும்பி வந்தன; மற்ற வகுப்புகளிலிருந்து 31. இதை வைத்துப் பொருளியல் படித்தவர்கள் உத்தமர்கள் என்று நான் கொடி பிடிக்கப் போவதில்லை. விளையாட்டில் ஆடுவது வேறு, கையில் அடுத்தவர் பணம் இருக்கும்போது நடப்பது வேறு. குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்பதோடு விடலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சுயநலம் எங்கே போய் முட்டும் என்று காட்டும் பாடமும் பொருளாதாரம்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் 600 அடி போட்டால் பக்கத்துத் தோட்டக்காரர் 800 அடி போடுகிறார். இவர் ஆயிரத்துக்குப் போகிறார். மின்சாரம் இலவசம், மோட்டார் ஓட ஓட நீர்மட்டம் இறங்குகிறது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவர் முடிவும் நியாயம்; சேர்த்துப் பார்த்தால் எல்லோரும் கடனாளி. இதை நீதிபோதனை வகுப்பில் ‘பேராசை கூடாது’ என்று முடித்துவிடலாம். ஆனால் அவர்களில் ஒருவரும் பேராசைக்காரர் அல்லரே! மற்றவர் நிறுத்துவார் என்ற நம்பிக்கை இல்லாததுதான் சிக்கல். பொதுவான நீரையும் மேய்ச்சல் நிலத்தையும் மக்கள் தாங்களே விதி வகுத்து, கண்காணித்து, மீறினால் தண்டம் போட்டுக் காப்பாற்ற முடியும் என்று காட்டியதற்காகத்தான் எலினர் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது; அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்ச நீர்க்கட்டியை நியமித்த ஊர்களுக்கு இது புதிய சேதியும் அல்ல. அந்த நீர்க்கட்டிக்கு ஏன் கூலியாக எல்லோரும் நெல் கொடுத்தார்கள், அவர் பேச்சை ஏன் எல்லோரும் கேட்டார்கள் என்று மாணவர் யோசிக்கட்டும். மனம் சுருங்காது.

6. பலன் இல்லை, ஆள் இல்லை.

பலன் இல்லை என்பவர்கள் காட்டுவது 2014-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. பெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர் மூவரும் 201 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மக்களின் பண நடத்தையில் காணும் வேறுபாடுகளில் 0.1 சதவீதத்தை மட்டுமே நிதிக்கல்வி விளக்குகிறது என்றார்கள். படித்தது நாள் போகப் போகக் கரைந்துபோகிறது, ஆகவே முடிவெடுக்கும் தருணத்தை ஒட்டிக் கற்பிப்பதே பயன் தரும் என்பதும் அவர்கள் வாதத்தில் உண்டு. அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தப் பாதியை மடித்து வைத்துவிடுகிறார்கள். 2022-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, குலுக்கல் முறையில் நடத்திய 76 பரிசோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அறிவிலும் நடத்தையிலும் நல்ல மாற்றம் இருப்பதைக் கண்டது.

பிரேசிலில் 892 உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 25,000 மாணவர்களிடம் செய்த சோதனை எனக்கு இன்னும் பிடித்தது, ஏனென்றால் அது இரண்டு தரப்புக்கும் சங்கடம் தருகிறது. பாடம் நடந்த பள்ளிகளில் மாணவர்களின் நிதி அறிவு கூடியது, சேமிப்பும் கூடியது. கூடவே, கிரெடிட் கார்டிலும் தவணையிலும் பொருள் வாங்குவதும் கூடிவிட்டது! வங்கிச் சேவைகளை அறிமுகப்படுத்தினால் பிள்ளைகள் அவற்றைப் பயன்படுத்தத்தான் செய்வார்கள். எதை, எப்போது கற்பிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குரூப் எடுப்பதற்கு முன் பத்தாம் வகுப்பில், கடன் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பன்னிரண்டில், எல்லா குரூப்புக்கும். பலன் இல்லை என்பவர்களின் ஆய்வே என் கால அட்டவணையைப் போட்டுத் தருகிறது.

ஆள் இல்லை என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. சமூக அறிவியல் ஆசிரியர்களில் பெரும்பாலோர் வரலாறோ புவியியலோ படித்தவர்கள், உண்மைதான். தண்டல் கணக்குக்கு எந்தப் பட்டமும் வேண்டாம். அவர்களில் பலர் சீட்டுப் போட்டு, நகையை அடகு வைத்து, மீட்டு, வீட்டுக்கடன் கட்டி வருகிறவர்கள். பாடச்சுமை என்றால் ஏதாவது ஒரு பாடத்தை எடுத்துவிட்டு இதை வையுங்கள். தொழில் தொகுப்புகளின் பட்டியலைப் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தள்ளினால் திருப்பூர் கோபித்துக்கொள்ளாது.

உண்மையான தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். விடைக்குறிப்பில். பூக்காரம்மா தண்டல் எடுக்கலாமா, வேண்டாமா? ரிப்பீட்டராகப் போகலாமா, கிடைத்த கல்லூரியில் சேரலாமா? இதற்கு ஒரே விடை இல்லை. ஒரே விடை இல்லாத கேள்விக்கு லட்சக்கணக்கான தாள்களில் மதிப்பெண் போடுவது எப்படி என்பார்கள். ‘எடுக்கலாம்’ என்று எழுதியவருக்கும் ‘வேண்டாம்’ என்று எழுதியவருக்கும், எதை விடுகிறோம் என்று சரியாகச் சொல்லியிருந்தால் இரண்டு மதிப்பெண், கணக்கு சரியாக இருந்தால் இரண்டு, எதிர்த்தரப்பின் நியாயத்தைக் குறிப்பிட்டிருந்தால் ஒன்று. தமிழ்த் தாளில் பொதுக்கட்டுரைக்குப் பல தலைமுறைகளாக இப்படித்தானே திருத்தி வருகிறோம்?